களத்தில் தோற்றவர், போரில் வென்றவர்: ஹைதர் அலியின் படைத்திறனை எதைக் கொண்டு அளப்பது?

ஓடாத கடிகாரத்தையும் உளுத்துப்போன கதவையும் ‘ஐதர் காலத்துப் பழசு’ என்று சொல்லும் வழக்கம் தமிழில் இன்னும் இருக்கிறது. சோழர் காலத்தையோ நாயக்கர் காலத்தையோ சொல்லாமல் இந்தப் பெயரைப் பழமைக்கு அளவுகோலாக நாக்கு ஏன் பிடித்துக்கொண்டது? ஐதர் எனப்படும் மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலி தமிழ்நாடு முழுவதையும் ஆண்டவர் அல்லர். அதன் பெரும்பகுதிக்குப் படையோடு வந்து போனவர். வந்து போன தடம் மட்டும் மொழியில் தங்கிவிட்டது.

அந்தத் தடத்தில் ஒரு முரண் உண்டு. 1767 செப்டம்பர் 3ஆம் தேதி செங்கத்திலும் 26ஆம் தேதி திருவண்ணாமலையிலும் ஹைதர் அலி ஆங்கிலக் கம்பெனியின் படையிடம் அடுத்தடுத்துத் தோற்றார். பதினெட்டு மாதம் கழித்து, 1769 ஏப்ரல் தொடக்கத்தில், வென்ற கம்பெனி சென்னையின் வாசலில் அவரோடு சமாதானம் பேசிக் கையெழுத்திட்டது. களத்தில் தோற்றவர் போரில் எப்படி வென்றார்? அவர் உண்மையிலேயே பெரிய தளபதியா, எதிரியின் குளறுபடியால் பிழைத்தவரா? இருநூற்றைம்பது ஆண்டுகளாக இதற்குப் பல விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றுள் முக்கியமானவற்றை, ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, எங்கே நொண்டுகிறது என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி பிறந்த களம்

மைசூர்ப் பீடபூமியிலிருந்து பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி வழியாகக் கிழக்கே இறங்கும் பாதை, செங்கம் கணவாயைத் தாண்டியதும் தொடும் பெரிய ஊர் திருவண்ணாமலை. 14ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் இவ்வூரைத் தன் இருப்பிடமாகக் கொண்டதற்கும் இந்த இருப்பு ஒரு காரணமாகலாம். 18ஆம் நூற்றாண்டுப் போர்களில் அருணாசலேசுவரர் கோயிலின் உயர்ந்த மதில்கள் கோட்டைச் சுவர்களாகவும் பயன்பட்டன. ஆற்காட்டுச் சமவெளிக்குள் இறங்க நினைத்த எந்தப் படைக்கும் இது வாசல்படி.

1767இல் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித் ஹைதராபாத் நிஜாமோடு சேர்ந்து மைசூர்மீது படையெடுத்தார். ஹைதர் முதலில் மராட்டியரைப் பணம் கொடுத்து விலக்கினார். பிறகு நிஜாமையே தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஸ்மித் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஆகஸ்டு 25ஆம் தேதி, மேய்ச்சலுக்கு விட்டிருந்த கம்பெனிப் படையின் மாடுகளைக் கூட்டணிக் குதிரைப்படை ஓட்டிக்கொண்டு போனது. போரின் முதல் அடி விழுந்தது சிப்பாயின் மேல் அல்ல, பொதிமாட்டின் மேல். பின்னால் வரும் விவாதத்துக்கு இச்சிறு செய்தி முக்கியமானது.

செங்கத்தில் ஸ்மித்தின் காலாட்படை குன்றைப் பிடித்து மைசூர்க்காரர்களை விரட்டியது. ஆனால் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஹைதரின் குதிரைகள் பின்னால் வந்த மூட்டைமுடிச்சுகளின் மேல் பாய்ந்தன, அரிசி பறிபோனது. வென்ற படை சோறில்லாமல், ஒரு நாளுக்கும் மேலாக ஓய்வும் இல்லாமல் நடந்து மறுநாள் திருவண்ணாமலையை அடைந்தது. ஆற்காடு நவாப் முகமது அலி வாக்களித்திருந்த அரிசியும் அங்கே இல்லை. காயம்பட்டவர்களை ஊரில் விட்டுவிட்டு ஸ்மித் அரிசி தேடிக் கிழக்கே போனார். கர்னல் வுட்டின் திருச்சிப் படை வந்து சேர்ந்த பிறகே திரும்பி நின்று போரிடும் பலம் அவருக்கு வந்தது.

26ஆம் தேதி நடந்த மோதலில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. இடையில் இருந்த சதுப்பைச் சுற்றிக்கொண்டு எதிரியின் பக்கவாட்டில் பாய ஸ்மித் ஒரு குன்றை வளைத்து நகர்ந்தார். அதை ஆற்காட்டை நோக்கிய ஓட்டம் என்று எண்ணிய கூட்டணிப் படை அவரை மறிக்க அதே குன்றின் மறுபக்கமாக விரைந்தது. இரண்டு படைகளும் எதிர்பாராமல் முகத்தோடு முகம் மோதிக்கொண்டன. கம்பெனிப் படை பத்தாயிரத்துக்குச் சற்று மேல். எதிரே நின்றது எழுபதாயிரம் என்பது வில்க்ஸ் தரும் கணக்கு. முடிவில் நிஜாமின் படை சிதறி ஓடியது. 60க்கு மேற்பட்ட பீரங்கிகள் கம்பெனியின் கைக்குப் போயின. அதே நாட்களில் ஹைதரின் மகன், பதினேழு வயதை எட்டாத திப்பு, சென்னையின் புறநகர்த் தோட்ட வீடுகள் வரை சூறையாடிக்கொண்டிருந்தார். தோல்விச் செய்தி கேட்டுத் தந்தையிடம் திரும்பினார். நிஜாம் 1768 பிப்ரவரியில் கம்பெனியோடு தனியே உடன்படிக்கை செய்துகொண்டார்.

முதல் விடை: ஒழுங்கு வென்றது, கவுன்சில் கெடுத்தது

மிகப் பழைய விடையும் அதிகம் பரவிய விடையும் கம்பெனி அதிகாரிகளுடையது. மைசூரில் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ் 1810க்கும் 1817க்கும் இடையில் வெளியிட்ட தென்னிந்திய வரலாறு இதற்கு அடித்தளம். பின்னர் சென்னைப் படையின் வரலாற்றை எழுதிய வில்சனும், பிரிட்டிஷ் ராணுவ வரலாற்றை எழுதிய ஃபோர்டெஸ்க்யூவும் ஏறக்குறைய அதே தடத்தில் நடந்தார்கள்.

இவர்கள் பார்வையில் பயிற்சி பெற்ற காலாட்படை எவ்வளவு பெரிய குதிரைக் கூட்டத்தையும் நேருக்கு நேர் வெல்லும் என்பதற்குத் திருவண்ணாமலை சான்று. அடுத்த போரில், 1781இல், கம்பெனித் தளபதி சர் அயர் கூட் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் வென்றது அதற்கு இன்னொரு சான்று. பிறகு ஹைதர் எப்படிப் பிழைத்தார்? குற்றவாளி கம்பெனியின் சென்னை ஆட்சிக்குழுவான கவுன்சில் என்பது இவர்கள் தரும் பதில். 1768இல் கவுன்சில் தன் பிரதிநிதிகளையும் நவாபையும் ஸ்மித்தின் முகாமுக்கே அனுப்பி அவர் கையைக் கட்டியது. பிறகு அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. அவர் இடத்துக்கு வந்த வுட் ஓசூர்ப் பக்கம் பீரங்கிகளை இழந்து மானம் போய்த் திரும்பினார்.

இந்த விடையின் பலம் அதன் விவரச் செறிவு. கவுன்சிலின் குளறுபடிகளை வில்க்ஸ் மூடி மறைக்கவும் இல்லை. ஆனால் எதிரியின் இழப்பை வென்றவனே எண்ணிச் சொல்லும் கணக்குகள் இதில் நிறைய. செங்கத்தில் கம்பெனித் தரப்பில் இறந்தவர் 48 பேர் என்று துல்லியமாகவும், எதிர்த்தரப்பில் 2,000 என்று முழு எண்ணாகவும் வருவதைப் பார்த்தால் எது பட்டியல், எது மதிப்பீடு என்பது தெரியும். இதைவிடப் பெரிய குறை ஒன்று. வெற்றிக்குக் காரணம் நம் படையின் ஒழுங்கு, தோல்விக்குக் காரணம் நம் கவுன்சிலின் மடமை என்றால் இரண்டிலும் எதிரிக்கு வேலையே இல்லை. ஹைதர் வானிலைபோல் வந்து போகிறவராகிவிடுகிறார்.

இரண்டாம் விடை: பின்னால் இருந்தது பிரெஞ்சு மூளை

ஹைதரின் பீரங்கிப் படைக்குத் தாம் தலைமை தாங்கியதாகச் சொல்லிக்கொண்ட மேஸ்த்ர் தெ லா தூரின் நூல், ஹைதர் இறந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் வந்தது. அவர் ஹைதரை வியந்தே எழுதினார். ஆனால் அந்த வியப்பின் உள்ளே, மைசூர்ப் படையில் நல்லது எல்லாம் ஐரோப்பியக் கைகளால் ஆனது என்ற தொனியும் இருக்கிறது. ஆங்கிலேய எழுத்தாளர்களுக்கும் இது வசதியாகப் போயிற்று. மைசூரிடம் தோற்றோம் என்பதைவிடப் பிரெஞ்சுக்காரனிடம் தடுமாறினோம் என்பது அவர்களுக்குச் சற்று ஆறுதல்.

1750களின் திருச்சி முற்றுகைக் காலத்தில், மைசூர்ப் படையின் சிறிய தலைவராக இருந்த ஹைதர், பிரெஞ்சு, ஆங்கிலப் படைகளின் நடைமுறையை அருகிலிருந்து பார்த்தார். திண்டுக்கல் ஃபௌஜ்தாரான பிறகு பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கொண்டு ஆயுதசாலை அமைத்தார். 1780களில் லாலே என்பவரின் ஐரோப்பியப் பிரிவு அவர் படையில் இருந்தது. இவை மறுக்க முடியாதவை. ஆயினும் அந்த ஐரோப்பியர் சில நூறு பேர், படையோ பல்லாயிரம். இரும்புக் குழாயில் மருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகளை ஐரோப்பா பின்னால் மைசூரிடமிருந்துதான் கற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹைதருக்குப் பெயர் வாங்கித் தந்த வேகக் குதிரை ஓட்டமும் உணவு வழிகளை அறுக்கும் முறையும் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் இல்லை. அவை மராட்டியரோடும் பாளையக்காரரோடும் பொருதிய தக்காணப் பழக்கத்திலிருந்து வந்தவை என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

மூன்றாம் விடை: நாயகனும் தேசமும்

ஹைதரிடமும் திப்புவிடமும் பணியாற்றிய மீர் ஹுசேன் அலி கான் கிர்மானி, திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகு பாரசீகத்தில் எழுதிய வரலாறு மூன்றாவது வழியைத் திறந்தது. அங்கே ஹைதர் விதி தேர்ந்தெடுத்த வீரர். தோல்விகள் சுருங்கி, தந்திரங்கள் விரிகின்றன. தேதிகளில் குழப்பம் உண்டு. ஆனால் முகாமுக்குள் இருந்தவர் கண் கிடைக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் நரேந்திர கிருஷ்ண சின்ஹா 1941இல் வெளியிட்ட ஹைதர் அலி வரலாறு இந்தப் பார்வையை ஆவண அடிப்படைக்குக் கொண்டுவந்தது. மராட்டி, பாரசீக, போர்த்துகீசியச் சான்றுகளையும் ஆங்கிலப் பதிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்த முதல் பெரிய முயற்சி அது என்று சொல்லலாம். 1767இன் தோல்வியை நிஜாமின் பாரமான கூட்டணியோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது இந்த மரபு வலியுறுத்தும் செய்தி. நிஜாமின் அந்தப்புரம் உட்பட யானைமேல் வந்த ஒரு முகாமை இழுத்துக்கொண்டு போரிட்ட ஹைதர், அந்தப் பாரம் இறங்கியபின் வேறு மனிதராகத் தெரிகிறார்.

இதிலும் கவனம் வேண்டும். கம்பெனியை எதிர்த்தவர் என்பதால் ஹைதருக்குப் பிற்காலத் தேசிய உணர்வை ஏற்றிப் பார்க்கும் ஆசை இந்த எழுத்துகளில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. 1769 உடன்படிக்கையில் அவர் கேட்டதோ அதே கம்பெனியின் படை உதவியைத்தான், மராட்டியரை எதிர்க்க. அந்த உதவி வரவில்லை. 1771இல் சின்குரளியில் அவர் மராட்டியரிடம் நொறுங்கினார். களத்தில் அவரை மிக மோசமாகத் தோற்கடித்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர் என்பதையும் நாயக வரலாறுகள் வேகமாகக் கடந்துவிடுகின்றன.

நான்காம் விடை: தளபதி அல்ல, கஜானா

1980களிலிருந்து கேள்வியே வேறு விதமாகக் கேட்கப்பட்டது. பர்டன் ஸ்டெய்ன் போன்றோர், 18ஆம் நூற்றாண்டு மைசூரை, படைக்காக வரி வசூலை இறுக்கி, இடைத்தரகரான பாளையக்காரர்களை ஒடுக்கி, பணத்தை நேரே கஜானாவுக்குக் கொண்டுவர முயன்ற அரசாகப் பார்த்தனர். 1763இல் பெத்னூர் அரசின் செல்வம் ஹைதரின் கைக்கு வராவிட்டால் 1767இன் படையே இருந்திருக்காது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். நவாப் கடனில் மூழ்கியிருந்தார். அவர் வாக்களித்த அரிசி திருவண்ணாமலைக்கு வராததற்கு அந்த ஆட்சியின் நிலையே முக்கியக் காரணம். 1769இல் லண்டனில் கம்பெனிப் பங்கு விலை சரிந்ததில் ஹைதர் பற்றிய செய்திக்கும் இடம் உண்டு. போர் என்பது இரண்டு கணக்குப் புத்தகங்களின் மோதல் என்பது இந்த விடை.

இது ஹைதரை மந்திரவாதி ஆக்காமல் மண்ணில் நிறுத்துகிறது. ஆனால் கஜானா இருந்தாலே படை நடக்காது. அதே காலத்தில் வளமான நாட்டை வைத்திருந்த நிஜாம் ஒரே தோல்வியில் விலகினார். ஹைதர் சில வாரங்களில் வாணியம்பாடியைப் பிடித்து ஆம்பூரை முற்றுகையிட்டார். பணம் ஒன்றேதான் காரணம் என்றால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் இல்லை.

அரிசியைக் கொண்டு அளந்தால்

மேற்சொன்ன நான்கு விடைகளிலும் சிதறிக் கிடக்கும் ஒரு செய்தியைத் தனியே எடுத்து அடுக்கலாம்: அரிசி, மாடு, நடை.

செங்கத்தில் ஸ்மித் குன்றைப் பிடித்தார். ஹைதர் அரிசியைப் பிடித்தார். 1769 மார்ச்சில் ஹைதர் தம் பெரும்படையைத் திருப்பி அனுப்பிவிட்டு, சுமார் 6,000 குதிரைகளோடு 130 மைலை மூன்றரை நாளில் கடந்து பரங்கிமலையில் வந்து நின்றார். ஸ்மித் அவரைத் தேடிப் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஒரு பெரிய சண்டையும் இல்லாமல் போர் முடிந்தது.

அடுத்த போரில், 1780 ஜூலையில், அதே செங்கம் கணவாய் வழியாக ஹைதர் மீண்டும் இறங்கினார். செப்டம்பர் 10ஆம் தேதி பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது, அதைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கம்பெனித் தளபதி மன்றோ சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்தார். கோயிலில் சேர்த்து வைத்த அரிசியை விட்டு முழுப்படையோடு நகர அவர் தயங்கினார். மறுநாளோ கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடினார். ஒரு மூட்டை அரிசி, போருக்கு வராமலே, ஒரு படையைக் கட்டிப்போட்டது.

1781இல் கூட் களத்தில் வென்றும் துரத்த முடியாமல் தவித்ததற்கு மாடு இல்லாததே பெருங்காரணம். பின்னால் அம்ரித் மகால் என்று பெயர்பெற்ற வேகமான காளை இனம் மைசூரிடம் இருந்தது. தானியம் சுமந்து விற்ற லம்பாடிகளின் பொதிமாட்டு வரிசைகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதிலேயே பாதிப் போர் முடிந்தது. தன் விலை உயர்ந்த குதிரையைக் காசு பெறாத பீரங்கிக் குண்டுக்கு எதிரே ஏன் நிறுத்த வேண்டும் என்று ஹைதர் கேட்டதாக ஆங்கில நூல்களில் ஒரு பதில் சுற்றிவருகிறது. அவர் சொன்னதோ, சொன்னதாக எழுதியவர் கட்டியதோ, அவர் நடத்தையோடு அது பொருந்துகிறது.

இப்படி அளந்தால் திருவண்ணாமலை ஹைதரின் தோல்வி மட்டும் அல்ல, அவருடைய திருப்பமும் ஆகிறது. அதற்குப் பிறகு, தவிர்க்க முடிந்தபோதெல்லாம், கம்பெனியின் திரண்ட காலாட்படைக்கு எதிரே முழுப்படையை நிறுத்த அவர் விரும்பவில்லை என்று சொல்லலாம்.

ஆனால் இந்த அளவுகோலும் ஹைதரிடமே முடிவில் தோற்கிறது. தரைவழி அரிசியை அறுத்தவரால் கடல்வழி அரிசியை அறுக்க முடியவில்லை. 1781 பிப்ரவரியில் கடலூர் அருகே கூட் பட்டினியின் விளிம்பில் நின்றபோது, கரையோரம் வந்திருந்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தோர்வ் கப்பல்களோடு போய்விட்டார். பரங்கிப்பேட்டைத் தோல்விக்குப் பிறகும் ஹைதர் சோளிங்கரில் களம் கண்டார். எல்லாச் சண்டைகளையும் அரிசிக் கணக்கில் அடக்கிவிட முடியாது.

சாட்சி சொல்லாதவர்கள்

அரிசியை ஆயுதமாக்கினால் அந்த அரிசி யாருடையது என்ற கேள்வி எழும். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஹைதர் ஆற்காட்டுச் சமவெளியை எரித்ததை இடிமழைபோல் வருணித்தார். அவர் குறி நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள்மேல் இருந்ததால் வருணனையில் மிகை இருக்கலாம். ஆனால் அழிவு கற்பனை அல்ல. 1779இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதரைச் சந்தித்து அவர் நிர்வாகத்தை மதித்து எழுதிய பாதிரியார் ஸ்வார்ட்ஸே, அடுத்த ஆண்டுகளில் தஞ்சாவூரில் முன்கூட்டி வாங்கிச் சேர்த்த அரிசியால் பட்டினிக் கூட்டத்துக்குச் சோறு போட வேண்டியிருந்தது.

ஹைதரின் ஒழுங்கற்ற குதிரைப்படையை ஆங்கிலேயர் ‘லூட்டி’ என்றனர். இன்று குழந்தைகள் அடிக்கும் லூட்டியும் அதே கொள்ளைச் சொல்லின் கிளையாகவே தோன்றுகிறது. ‘ஐதர் கலாபம்’ என்ற தொடரும் உண்டு. தமிழ் உழவன் தரப்பில் போர் வரலாறு எழுதப்படவில்லை. அவன் விட்டுச் சென்ற ஆவணம் இந்த இரண்டு மூன்று சொற்கள்தாம். அவற்றில் புகழும் இல்லை, பழியும் இல்லை. ‘அது ஒரு காலம்’ என்ற விலகல்தான் இருக்கிறது. அந்த நெல்லைப் பறித்ததில் ஹைதரின் குதிரைக்கும் கம்பெனியின் சிப்பாய்க்கும் நவாபின் வரி வசூலுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் வேலை மாவட்ட அளவில் இன்னும் நடக்க வேண்டியது.

மதிப்பீடு

ஐந்து பார்வைகளையும் சேர்த்து வைத்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். நேரடிக் களத்தில், திரண்டு நின்ற கம்பெனிக் காலாட்படையை ஹைதர் வென்றது அரிது. பெய்லியைப்போல் பிரிந்து தனித்த படைகளை அவர் அழித்தார். பிரெஞ்சு உதவி அவர் கருவிகளை மெருகேற்றியது, முறையை உருவாக்கவில்லை. கஜானா அவருக்குப் படையைத் தந்தது. அதை எங்கே நிறுத்தக்கூடாது என்ற அறிவைத் தரவில்லை. அந்த அறிவின் விலை செங்கத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையிலான பாதையில் கொடுக்கப்பட்டிருக்கலாம்.

முடியாமல் நிற்பவையும் உண்டு. 1767இல் நிஜாம் இல்லாமல் ஹைதர் தனித்து நின்றிருந்தால் களம் காண்பதையே தவிர்த்திருப்பாரா என்பது ஒன்று. 1769இல் சென்னை வாசலில் கிடைத்த சமாதானத்தை மேலும் அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்னொன்று. அவர் கேட்டு வாங்கிய வாக்குறுதியைக் கம்பெனி காப்பாற்றாததால், அந்த வெற்றியின் ஆயுள் இரண்டாண்டுகூட இல்லை. 1782 டிசம்பர் 7ஆம் தேதி சித்தூர் அருகே முகாமிலேயே ஹைதர் இறந்தபோது போர் முடிந்திருக்கவில்லை. 1790இல் திப்பு மீண்டும் சமவெளிக்கு இறங்கித் தியாகதுருகத்தைப் பிடிக்க முடியாமல் திருவண்ணாமலையைப் பிடித்தார். அடுத்த ஆண்டு கம்பெனியின் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் மைசூருக்குள் போனபோது லம்பாடிகளின் மாட்டு வரிசைகள் ஆங்கிலேயர் பின்னால் நடந்தன. ஹைதரின் பாடத்தை அவருடைய எதிரியும் படித்துக்கொண்டார் என்பதையும் அவர் படைத்திறனைப் பற்றிய சான்றாகக் கொள்ளலாம். அதைப் பாராட்டாகக் கொள்வதா, அவருடைய எல்லையாகக் கொள்வதா என்பதில் ஆய்வாளர்கள் ஒரு முடிவுக்கு வருவது எளிதல்ல.